பழைய வேகக் காருக்கு எந்த டயர்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் காரின் டயர். "பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு டயரைப் பற்றி என்ன தெரியும்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2023ஆம் ஆண்டு வரையில் நமக்கும் அதிகம் தெரியாது. அந்த ஆண்டின் இறுதியில், மழைக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம்தான் நம்மைத் தெரிந்துகொள்ள வைத்தது.

நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவன் ஒருவன். தகப்பனார் இல்லை. தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிப் பிள்ளையை ஆளாக்கினார். பையன் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேமித்து, பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ கார் ஒன்றை வாங்கினான். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த வகை அது. அளவில் சிறிய கார்; ஆனால் 1.8 லிட்டர் இயந்திரம். சாலையைப் பிடித்து ஓடும் விதத்தைச் செம்மைப்படுத்தியவர்கள் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்துப் பொறியாளர்கள். இன்றைக்கும் அந்தக் காரைக் கண்டால் நம் இளைஞர்களின் கண்கள் அகலமாவதைக் காண்கிறோம். பையன் காரைப் பள்ளி வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டபோது நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முன் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. புதிதாக இரண்டு வாங்கும் அளவுக்குத்தான் கையில் பணம் இருந்தது. பட்டறையில், "முன் சக்கரம்தானே இழுக்கிறது, புதியதை முன்னால் போடு, பின்னால் இருப்பது இன்னும் நன்றாக இருக்கிறது" என்றார்கள். அவனும் அப்படியே செய்தான். மூன்று வாரம் கழித்து ஒரு மாலைப் பொழுது. நல்ல மழை. தாயாரைப் பின் இருக்கையில் அமர்த்திக்கொண்டு தோட்டத்து நுழைவாயிலுக்கு அருகே உள்ள வளைவில் வந்திருக்கிறான். வளைவின் நடுவே சற்று வேகம் அதிகம் என்று தோன்றி, எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை எடுத்திருக்கிறான். அவ்வளவுதான். காரின் பின்பக்கம் சுழன்று, முன்பக்கம் வந்த வழியையே பார்த்துத் திரும்பி, பக்கத்துக் கானில் இறங்கி நின்றது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் தாயாரின் மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

மறுநாள் பையன் நம்மிடம் சொன்ன சொல் இன்னும் காதில் இருக்கிறது. "பின் டயர்ல பூ நிறைய இருந்துச்சு சார். அது எப்படி சார் வழுக்கும்?"

டயரின் மேற்பரப்பில் உள்ள வெட்டுக்கோடுகளை மலாய்மொழியில் டயரின் பூ என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம். பூ இருந்தும் டயர் வழுக்கியது ஏன்? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடினால் டயர் வாங்குவதைப் பற்றித் தெரிய வேண்டியவற்றில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

ரப்பரைப் பற்றி நமக்கு வேறு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1877ஆம் ஆண்டில் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தன. அந்த மரம் காடு காடாகப் பெருகியபோது, விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போனவர்கள் நம் முன்னோர். வீட்டில் ஒரு ரப்பர் வளையத்தைச் சன்னல் ஓரத்தில் போட்டுவையுங்கள். சில மாதம் சென்று இழுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? நீளாது, வெடித்து அறுந்துபோகும். அதை யாரும் பயன்படுத்தித் தேய்க்கவில்லை. ஆனாலும் அது கெட்டுவிட்டது. காற்றில் உள்ள பிராணவாயுவும் ஓசோனும், வெயிலும் வெப்பமும் ரப்பரை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றன.

டயரில் இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பர், கரித்தூள், கந்தகம் முதலிய பலவும் சேர்க்கப்படுகின்றன. முதுமையைத் தள்ளிப்போட ஒருவகை மெழுகும் சேர்க்கிறார்கள். டயர் ஓடி வளைந்து கொடுக்கும்போது அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்து காவலாக நிற்கிறது. ஓடாமல் நிற்கும் காரின் டயருக்கு இந்தக் காவல் குறைவு. பழைய வேகக் கார்கள் பல ஓட்டத்தைவிட நிறுத்திவைக்கப்பட்ட காலமே அதிகம் கண்டவை. எனவேதான் அவற்றின் டயர்கள் தேய்வதற்கு முன்பே கிழமாகிவிடுகின்றன. பூ ஆழமாக இருக்கும். ரப்பரோ கட்டை போல் இறுகியிருக்கும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றாது.

டயரின் வயதை அறிவது எப்படி? டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அதைத் தொடர்ந்து வரும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம். கடைசி இரண்டும் ஆண்டு. நம் மாணவனின் பின் டயரில் 2311 என்று இருந்தது. அதாவது 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். கான் ஓரத்தில் நாம் குனிந்து பார்த்த அன்று அதற்கு வயது பன்னிரண்டு! இந்த நான்கு இலக்க முறை 2000ஆம் ஆண்டிலிருந்து வழக்கில் உள்ளது. மூன்றே இலக்கம் இருந்தால் அது அதற்கும் முந்திய நூற்றாண்டின் டயர். நான்கு இலக்கமும் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சாகியிருக்கக்கூடும். வெளிப்பக்கம் காணாவிட்டால் உட்பக்கம் பாருங்கள்.

ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்றும், பத்து ஆண்டு ஆனதும் பூ எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்றும் பெரிய டயர் நிறுவனங்களே அறிவுரை கூறுகின்றன. பின்பெட்டியில் கிடக்கும் மாற்று டயருக்கும் இது பொருந்தும்.

வேகக் கார்ப் படங்களில் நடித்த பால் வாக்கரை நம் இளைஞர்கள் நன்கு அறிவார்கள். 2013ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நண்பர் ஓட்டிய போர்ஷே காரில் சென்றபோது விபத்தில் அவர் மாண்டார். ஓட்டிய நண்பரும் மாண்டார். அந்தக் கார் 2005ஆம் ஆண்டு வகை. அதிவேகமே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். மணிக்கு 45 மைல் செல்ல வேண்டிய சாலையில் 80 மைலுக்கும் மேலாகச் சென்றிருக்கிறது. அதோடு, காரின் டயர்களுக்கு ஒன்பது வயது என்பதையும், அது காரின் ஓட்டத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் விசாரணையாளர்கள் எடுத்துக் கூறினார்கள். காசுக்குக் குறைவில்லாத இடத்திலேயே இந்த நிலை என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அடுத்து, டயரின் அளவு. பக்கச்சுவரில் பெரிய எழுத்தில் 195/50 ஆர் 15 82 வி என்பது போல் ஒரு வரி இருக்கும். 15 அங்குலச் சக்கரம் உள்ள சிறிய வேகக் கார்களில் பரவலாகக் காணும் அளவு இது. உங்கள் காருக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணிலோ, கதவின் ஓரத்திலோ ஒட்டியிருக்கும், கையேட்டிலும் இருக்கும். கார் பலர் கை மாறி வந்திருந்தால், இப்போது மாட்டியிருக்கும் டயரை நம்பாமல் அந்தச் சீட்டையே நம்புங்கள்.

இந்த வரியைக் கணக்குப் பாடம்போல் பிரித்துப் பார்ப்போம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு ஐம்பது, அதாவது 97.5 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் என்னும் அமைப்பு. 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். அதாவது 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் சேர்ந்து 195. அதோடு 381ஐக் கூட்டினால் 576. இதுதான் முழுச் சக்கரத்தின் உயரம்.

இப்பொழுது ஒரு பையன், "எனக்கு 17 அங்குல ரிம் வேண்டும், 205/40 டயர் வேண்டும்" என்கிறான். கணக்குப் போடுங்கள். பக்கச்சுவர் 82, இரண்டுக்கு 164. ரிம் 431.8. கூட்டினால் 595.8. பழைய உயரத்தைவிட நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அளவில் அதிகம். இதனால் என்ன கேடு? சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். வேகமானியோ பழைய கணக்கிலேயே காட்டும். அது 110 என்று காட்டும்போது கார் ஏறக்குறைய 114இல் ஓடும். வளைவில் முழுதாகத் திருப்பும்போது டயர் உள்ளே உரசவும் கூடும். மொத்த உயரம் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் மாறக்கூடாது என்பது டயர்த் தொழிலில் வழங்கும் பொதுவான விதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கச்சுவர் 97.5இலிருந்து 82ஆகக் குறைந்துவிட்டது. நம் தோட்டத்துச் செம்மண் சடக்கில் செம்பனை லோரிகள் தோண்டிவிட்ட குழிகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் குழியின் அடியைத் தாங்குவது பக்கச்சுவர்தான். அது மெலிந்தால் அடி நேரே ரிம்முக்குப் போகும். ரிம் கோணும், டயரின் பக்கம் புடைக்கும். புடைத்த டயர் எந்த நேரமும் வெடிக்கலாம். ஆகவே, காரைச் செய்தவர் சொன்ன அளவே நமக்கு நல்லது.

82 என்பது பாரத்தின் குறியீடு. ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும் என்று பொருள். வி என்பது வேகத்தின் குறியீடு. மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. எச் என்றால் 210. டி என்றால் 190. "நம் நெடுஞ்சாலையில் உச்ச வேகமே 110தானே, எதற்கு இவ்வளவு?" என்று கேட்கலாம். இந்தக் குறியீடு வேகமாக ஓட்ட வழங்கும் அனுமதிச் சீட்டு அன்று. டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும், எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதையும் அது ஒருவாறு காட்டுகிறது. பாரக் குறியீடும் வேகக் குறியீடும் காரின் சீட்டில் உள்ளதைவிடக் குறையாமல் வாங்க வேண்டும்; கூடினால் தவறில்லை.

அளவு சரி. வகை எது? கடைக்குப் போனால் பொதுவாக மூன்று வகையைக் காணலாம். ஒன்று, பந்தயத்துக்கு நெருங்கிய மென்மையான ரப்பர் டயர். பிடிப்பு அபாரம், ஆனால் விரைவில் தேயும், விலையும் அதிகம். இன்னொன்று, நெடுநாள் உழைக்கும் சிக்கன டயர். சத்தம் குறைவு, ஆனால் வளைவில் சற்றுத் துவளும். மூன்றாவது, இரண்டுக்கும் நடுவானது. நாள்தோறும் வேலைக்குப் போய், மழையில் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை தாயாரைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் காருக்கு இந்த நடுவகையே ஏற்றது. அதிலும் ஈரச் சாலையில் நல்ல பிடிப்பு உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பல டயர்களின் பக்கச்சுவரில் தேய்மானத்துக்கு ஒரு எண்ணும், ஈரச் சாலைப் பிடிப்புக்கு ஏஏ, ஏ, பி, சி என்ற தரமும், வெப்பத்துக்கு ஏ, பி, சி என்ற தரமும் இருக்கும். அமெரிக்க முறை இது. தேய்மான எண் பெரிதாக இருந்தால் டயர் நாள்பட உழைக்கும். ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துப் போட்டுக்கொள்கிறது. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது நம்பகமாக உதவும். எண் பெரிது என்று மயங்கிப் பிடிப்பின் தரத்தை மறந்துவிடாதீர்கள்.

இனி, நம் மாணவனின் இரண்டாவது தவற்றுக்கு வருவோம். புதிய டயரை முன்னால் போட்டது சரியா? முன் சக்கரம் இழுக்கும் காராயினும், பூ அதிகமுள்ள புதிய டயர்கள் பின்னால்தான் போக வேண்டும். காரணத்தைக் கேளுங்கள். முன் டயர் வழுக்கினால் கார் வளையாமல் நேரே போகப் பார்க்கும். ஸ்டீரிங் லேசாகிவிட்டதைக் கை உணரும். வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு திரும்பும். பின் டயர் வழுக்கினாலோ ஓட்டுநருக்கு முன்னறிவிப்பே கிடைக்காது. கார் பம்பரமாய்ச் சுற்றிவிடும். வளைவின் நடுவே எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை எடுக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்ந்து, பின் சக்கரம் லேசாகிறது. அங்கே இருந்ததோ பன்னிரண்டு வயதுக் கிழட்டு டயர். முன்னால் புத்தம் புதிய பிடிப்பு. பின்னால் பிடிப்பே இல்லை. கார் சுழன்றதில் வியப்பென்ன?

எனவே முடிந்தால் நான்கையும் ஒரே வகையாக, ஒன்றாக மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரே அச்சில் உள்ள இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்; புதிய சோடி பின்னால் போகட்டும்; மற்ற சோடியும் வயது முதிராததாக இருக்கட்டும். நான்குக்கும் பணம் சேரும்வரை காரை ஓரமாக நிறுத்திவிட்டு, மழை நாளில் பேருந்தில் போவது அவமானம் அன்று.

"பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறதே, வெளிநாட்டிலிருந்து வந்ததாம்" என்பார்கள். அதன் வரலாறு யாருக்குத் தெரியும்? எந்தக் குழியில் அடிபட்டதோ, எத்தனை நாள் காற்றில்லாமல் ஓடியதோ, உள்ளே கம்பி அறுந்திருக்கிறதோ, வெளியே பார்த்தால் தெரியாது. மேற்பூச்சு ஒட்டிய டயரைப் பட்டறைகளில் செலுப் டயர் என்பார்கள். முறையாகச் செய்த செலுப் டயர்கள் லோரிகளிலும், ஏன், விமானங்களிலும்கூட ஓடுகின்றன. ஆனால் மலிவாக ஒட்டி விற்பதை வேகக் காரில் மாட்டுவது கூடாது.

டயர் புதிதாயினும் கார் பழையது என்பதை மறக்கக்கூடாது. கழற்றிய டயரைத் தூக்கி எறிவதற்கு முன் அது தேய்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் சரியில்லை. திட்டுத் திட்டாகக் குழிந்திருந்தால் அப்சர்பர் தளர்ந்திருக்கலாம். நோயைத் தீர்க்காமல் புது டயர் மாட்டினால் சில மாதத்தில் அதுவும் அதே கதிக்கு ஆளாகும். மாட்டும்போது வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சக்கரச் சமநிலையும் கோணமும் பார்க்கச் சொல்லுங்கள். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறியோ, வெளிப்பக்கம் எது என்ற குறிப்போ இருந்தால் அதன்படி மாட்டியிருக்கிறார்களா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு செலவில்லாத காவல் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறையாவது, கார் ஓடிச் சூடாகும் முன், காற்றழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக வளைந்து, சூடேறி, வெடிக்கக்கூடும். பூவின் பள்ளங்களுக்கு இடையே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து பூவும் மேடும் ஒரே மட்டமாகிவிட்டால் சட்டப்படி அந்த டயரின் ஆயுள் முடிந்தது. பள்ளத்தின் வேலை நீரை வெளியேற்றுவது. பள்ளம் ஆழமில்லாவிட்டால் நீர் போக வழியின்றி டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். நம் நாட்டு மழையில் 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றத் திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

நேயர்களே, ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். எத்தனை குதிரைத்திறன் உள்ள காரானாலும், அதை ஓட்டுவதும் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நான்கு உள்ளங்கை ரப்பர்தான். வேகமாக ஓடக்கூடிய காரை விரும்புவது இளமைக்கு இயல்பு. அதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஒலிபெருக்கிக்கும் பளபளக்கும் ரிம்முக்கும் செலவிடுமுன், அந்த நான்கு உள்ளங்கைக்குச் செலவிடுங்கள்.

நம் மாணவன் இன்று அதே காரைத்தான் ஓட்டுகிறான். கானிலிருந்து தூக்கிய காரை ஐந்து மாதம் அசையாமல் நிறுத்திவைத்திருந்தான். பணம் சேர்ந்த பிறகு அப்சர்பரைச் சரிசெய்து, சீட்டில் உள்ள அளவிலேயே நான்கு புது டயர்களை வாங்கினான். கடையில் அவன் முதலில் கேட்டது விலையை அன்று. நான்கு இலக்க எண்ணைத்தான். அவன் தாயார் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கே கல்வி பெற்றவர். ஆனால் மகன் குனிந்து படித்துச் சொன்ன எண்ணைத் தாமும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினாராம்.

நீங்களும் இன்று மாலை உங்கள் வீட்டுக் காரின் அருகே சற்றுக் குனிந்து அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள்.